மேஜர் ஜெனரலின் 16 பதக்கங்கள்: கண்ணாடிச் சட்டத்தில் எந்த வரிசையில் வைப்பது?

மரப்பெட்டி:

வணக்கம். 1969-ல் இந்தியத் தரைப்படையில் கமிஷன் பெற்று, 2003-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியின் பதக்கங்களை அவர் குடும்பத்தார் ஊர் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறோம். ஒருமுறை மாட்டினால் பல வருடம் அப்படியே இருக்கும். தப்பான வரிசையில் மாட்டிவிடக் கூடாது என்பதுதான் கவலை.

பெட்டியில் இருந்தவை, கைக்கு வந்த வரிசையில்: 9 ஆண்டு, 20 ஆண்டு, 30 ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்கள், சேனா பதக்கம், சங்க்ராம் பதக்கம், பஷ்சிமி ஸ்டார், ஆபரேஷன் பராக்ரம் பதக்கம், காயப் பதக்கம், ஐ.நா. பதக்கம் ஒன்று (கம்போடியா), சைன்ய சேவா, உயர்மலைப் பதக்கம், விதேஷ் சேவா, சுதந்திர வெள்ளி விழா, பொன் விழாப் பதக்கங்கள், அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா. மொத்தம் 16.

இவை போக, தனியாகக் கழன்று கிடக்கும் உலோகப் பட்டைகள் இரண்டு. எதில் மாட்டுவது என்று தெரியவில்லை.

பின்னால் 1996 என்று எழுதிய சீருடைப் படம் ஒன்றும் உண்டு. அப்போது அவர் பிரிகேடியர். அதில் நாலு நாலாக மூன்று வரிசை, ஆக 12 ரிப்பன்தான் தெரிகிறது. மீதி நாலும் வேறு யாருடையதாவது கலந்துவிட்டதா?

---

அரசிதழ்வாசகர்:

வரிசையை முதலில் முடித்துவிடலாம், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. பதக்கம் அணியும் முன்னுரிமை வரிசை குடியரசுத் தலைவர் செயலகம் அறிவித்தது. கிடைத்த தேதியோ, பதக்கத்தின் அளவோ, உலோகமோ அதைத் தீர்மானிப்பதில்லை.

உங்கள் 16-க்கும் வரிசை இதுதான்: அதி விசிஷ்ட சேவா, சேனா பதக்கம், விசிஷ்ட சேவா, காயப் பதக்கம், பஷ்சிமி ஸ்டார், சங்க்ராம், ஆபரேஷன் பராக்ரம், சைன்ய சேவா, உயர்மலை, விதேஷ் சேவா, சுதந்திரப் பொன் விழா, வெள்ளி விழா, 30 ஆண்டு, 20 ஆண்டு, 9 ஆண்டு, கடைசியில் ஐ.நா. பதக்கம்.

பார்ப்பவரின் இடது கையிலிருந்து தொடங்குங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பதக்கம் அணிபவரின் இடது மார்பில், சட்டைப் பித்தானுக்குப் பக்கத்தில் மூத்தது வரும். அங்கிருந்து தோளை நோக்கி இளையது போகும். எதிரே நின்று பார்க்கிறவருக்கு அது இடமிருந்து வலம். "அணிபவருக்கு வலக்கைப் பக்கம் மூத்தது" என்று விதியில் படித்துவிட்டு, சட்டத்திலும் வலப்பக்கத்திலிருந்து அடுக்கினால் மொத்தமும் தலைகீழாகிவிடும்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். காயப் பதக்கத்துக்கு இந்தியில் பராக்ரம் பதக் என்ற பெயரும் உண்டு. ஆபரேஷன் பராக்ரம் பதக்கம் வேறு. அது 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படை குவித்த நடவடிக்கைக்கானது. முன்னது எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் காயம்பட்டவருக்கு மட்டும். பின்னது அந்த நடவடிக்கைக்காகத் திரட்டப்பட்டவர்களுக்கு. விளக்க அட்டையில் இரண்டையும் "பராக்கிரமப் பதக்கம்" என்று எழுதிவிட்டால் போரில் சிந்திய ரத்தத்துக்கான அடையாளம் அங்கேயே தொலைந்துவிடும். காயப் பதக்கத்தின் ரிப்பன் வெள்ளை, நடுவில் சிவப்புப் பட்டை. அதை வைத்துப் பிரித்துவிடலாம்.

---

வடக்குமுகப்பு:

12-க்கும் 16-க்கும் உள்ள கணக்கு நேராகவே இருக்கிறது. வேறு யாருடையதும் கலக்கவில்லை.

சுதந்திரப் பொன் விழாப் பதக்கம் 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. 1996 படத்தில் அது இருக்கவே முடியாது. 1969-ல் சேர்ந்தவருக்கு 30 ஆண்டு நிறைவது 1999-ல். ஆபரேஷன் பராக்ரம் 2001-02. அதி விசிஷ்ட சேவா பெரும்பாலும் மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல் நிலையில் வருவது. படத்தில் அவர் பிரிகேடியர். நாலும் கழிந்தால் 12. படத்தில் முதல் வரிசை சேனா பதக்கம், விசிஷ்ட சேவா, காயம், பஷ்சிமி ஸ்டார் என்று இருக்க வேண்டும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மூத்த அதிகாரி ஒருவரின் பதக்கங்களை மூன்று அடுக்காகப் படிக்க வேண்டும் என்பேன். மேலே இருப்பவை அவர் தனியாக என்ன செய்தார் என்பதற்கு: வீரதீர விருதுகளும் சிறப்புச் சேவை விருதுகளும். அரசிதழில் பெயர் வருவது இவற்றுக்குத்தான். நடுவில் இருப்பவை அவர் எங்கே நின்றார் என்பதற்கு: போர், நடவடிக்கை, நிலப்பகுதி. கடைசியில் எத்தனை காலம் நின்றார் என்பது. பொதுவாகப் பத்திரிகைகள் முதல் அடுக்கோடு நிறுத்திவிடுகின்றன. நடு அடுக்குதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் ஒரு மனிதனின் வாழ்க்கை வரைபடமே அதில் இருக்கிறது.

உங்கள் அதிகாரியையே பாருங்கள். 1971 போருக்கு ஒரே மனிதருக்கு இரண்டு பதக்கம் எப்படி என்று நூலகத்துக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். சங்க்ராம் பதக்கம் அந்தக் காலத்தில் பணியில் இருந்த படையினர் எல்லோருக்கும் உரியது. ஸ்டார் என்பது போர்க்களப் பகுதியில் இருந்தவர்களுக்கு மட்டும்: கிழக்கு முனைக்குப் பூர்வி, மேற்கு முனைக்குப் பஷ்சிமி. ஆகவே இவர் மேற்கு முனையில் களத்தில் இருந்தார். பணியில் சேர்ந்து இரண்டே வருடம் ஆன இளம் அதிகாரி. 1965-க்கும் இதே ஜோடி உண்டு: களத்துக்குச் சமர் சேவா ஸ்டார், பொதுவாக ரக்ஷா பதக்கம். கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார், ஆபரேஷன் விஜய் பதக்கம். ஸ்டார் இல்லாமல் பதக்கம் மட்டும் இருந்தால் அவர் அப்போது பின்னணியில் பணியாற்றினார் என்று பொருள்.

உயர்மலைப் பதக்கம் 9,000 அடிக்கு மேல் மொத்தம் 180 நாள் சேவைக்கு. சைன்ய சேவா குறிப்பிட்ட கடினமான பகுதிகளில் பணியாற்றியதற்கு. எந்தப் பகுதி என்பதை அதன் ரிப்பனில் உள்ள கிளாஸ்ப், அதாவது இடப் பெயர் பொறித்த உலோகப் பட்டை, சொல்லும். கம்போடியா 1992-93 ஐ.நா. பணிக்குப் போனதால் ஐ.நா. பதக்கமும் விதேஷ் சேவாவும் சேர்ந்து வந்திருக்கின்றன. முன்னது ஐ.நா. கொடுப்பது, பின்னது வெளிநாட்டுப் பணிக்கு இந்திய அரசு கொடுப்பது. ஒன்றுக்கொன்று நகல் இல்லை.

1987-90-ல் இலங்கைக்குப் போன அமைதிப் படையினருக்கு 'ஸ்ரீலங்கா' கிளாஸ்புடன் ஸ்பெஷல் சர்வீஸ் பதக்கம் உண்டு. உங்கள் பட்டியலில் அது இல்லை. ஆகவே விளக்க அட்டையில் "இலங்கையில் பணியாற்றியவர்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு எழுதிவிடாதீர்கள்.

---

மரப்பெட்டி:

மிக்க நன்றி. படத்தின் முதல் வரிசை நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டு புதிய விஷயம்: சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட முதல் ரிப்பன் மேல் சின்ன உலோகச் சின்னம் ஒன்று, நாலாவது ரிப்பன் மேல் இலை மாதிரி ஒன்று. கழன்று கிடக்கும் பட்டைகளில் ஒன்றில் எழுத்து இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

---

ரிப்பன்அளவு:

அந்த இரண்டு சின்னமும் நீங்கள் விளக்க அட்டையில் விட்டிருக்கக்கூடிய இரண்டு விருதுகள்!

சிவப்பில் நடுவே வெள்ளைக் கோடு சேனா பதக்கம். அதன் மேல் சின்னம் இருந்தால் அவருக்கு அது இரண்டாம் முறையும் கிடைத்திருக்கிறது. ஒரே விருது மறுபடி கிடைத்தால் இன்னொரு பதக்கம் கொடுப்பதில்லை. 'பார்' என்ற பட்டை கொடுப்பார்கள். முழுப் பதக்கம் அணியும்போது பட்டை ரிப்பனில் மாட்டப்படும். ரிப்பன் மட்டும் அணியும்போது பட்டைக்குப் பதில் சிறு சின்னம். எழுத்தில்லாத பட்டை அநேகமாகச் சேனா பதக்கத்துக்கான பார். எழுத்துள்ளது கிளாஸ்ப், இடப் பெயர் இருக்கும், சைன்ய சேவாவில் மாட்டுங்கள். இரண்டையும் மாற்றி மாட்டினால் பெரிய பிழை: கிளாஸ்ப் போன இடத்தைச் சொல்வது, பார் இன்னொரு முறை விருது பெற்றதைச் சொல்வது. மாட்டுவதற்கு முன் பட்டையின் பின்பக்கக் கொக்கி அகலத்தை ரிப்பனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; இரண்டும் 32 மி.மீ. ரிப்பனுக்கானவைதான், ஆனால் வளைந்த கொக்கியைத் திருகினால் ஒடிந்துவிடும்.

பஷ்சிமி ஸ்டார் ரிப்பனில் இலை: அது தாமரை இலைச் சின்னம். போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதற்கு, அதாவது மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ். அதற்குத் தனிப் பதக்கம் கிடையாது, பெயருக்குப் பின்னால் எழுத்தும் கிடையாது. அந்தப் போருக்குரிய பதக்கத்தின் ரிப்பனில் இந்தச் சிறு இலை மட்டும்தான். பெட்டியின் துணி மடிப்பில், பழைய ரிப்பன் துண்டுகளில் தேடுங்கள். ஒரு செ.மீ. அளவுப் பொருள், குப்பையோடு போய்விடும்.

இன்னொன்று. சேனா பதக்கம் இரண்டு காரணத்துக்குக் கிடைக்கும்: வீரதீரச் செயலுக்கு, அல்லது கடமையில் தனித்த ஈடுபாட்டுக்கு. பதக்கமும் ரிப்பனும் பெயரெழுத்தும் ஒன்றே. பார்த்துச் சொல்லவே முடியாது. இரண்டு முறைக்கும் தனித்தனியாக அரசிதழைப் பார்க்க வேண்டும். ஒன்று வீரத்துக்கும் மற்றது கடமைக்கும் இருக்கலாம். குடும்பத்தாரிடம் ஓய்வூதிய ஆணை இருந்தால் அதுவும் உதவும்: வீரதீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு மாதாந்திரப் படி உண்டு, மற்றதற்கு இல்லை.

---

அரசிதழ்வாசகர்:

அரசிதழில் தேடும் வழி: இந்திய அரசிதழ், பகுதி 1, பிரிவு 1. குடியரசுத் தலைவர் செயலகத்தின் அறிவிக்கையாக வரும். விருதுகள் குடியரசு தினம், சுதந்திர தினம் இரண்டையும் ஒட்டி அறிவிக்கப்படுவதால் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 தேதியிட்ட அறிவிக்கைகளில் தொடங்குங்கள். அச்சாகி வெளியாகும் இதழ் சில மாதம் தள்ளியும் இருக்கும். ஆகவே அந்த ஆண்டு முழுக்கப் பாருங்கள்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல அதிகாரிகள் இருப்பார்கள், எழுத்துக்கூட்டலும் மாறும். 'ஐசி' என்று தொடங்கும் அதிகாரி எண்ணை வைத்துத் தேடுங்கள். பதவி மாறிக்கொண்டே போகும், அந்த எண் மாறாது. அது எங்கே கிடைக்கும் என்றால், பதக்கத்தின் விளிம்பில்! சேவைப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடியும் சாய்வான வெளிச்சமும் போதும். எல்லாவற்றிலும் ஒரே எண் வந்தால் இவை ஒரே மனிதருடையவை என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். ஒன்றில் கேப்டன், இன்னொன்றில் மேஜர் என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அந்தந்த நேரத்துப் பதவி அது.

---

புதியவாசகி:

நடுவில் ஒரு சந்தேகம். அதி விசிஷ்ட சேவா சேவைக்கான விருது, சேனா பதக்கம் வீரத்துக்கும் உண்டு என்கிறீர்கள். அப்படியிருக்க வீரம் ஏன் பின்னால் போகிறது? வீரதீர விருதுகள் எல்லாம் முதலில், சேவை விருதுகள் பிறகு என்றுதான் படித்திருக்கிறேன்.

---

அரசிதழ்வாசகர்:

பரவலாக உள்ள தவறான எண்ணம் அது. இரண்டு வகையும் தனித்தனியாக அடுக்கப்படவில்லை, படிப்படியாகப் பின்னப்பட்டிருக்கின்றன.

மேலே பரம வீர சக்ரா, அடுத்து அசோக சக்ரா. பிறகு பத்ம விபூஷண், பத்ம பூஷண். பிறகு சர்வோத்தம் யுத்த சேவா, பரம விசிஷ்ட சேவா. அதற்குப் பிறகுதான் மகா வீர சக்ரா, கீர்த்தி சக்ரா, பத்மஸ்ரீ. பிறகு உத்தம் யுத்த சேவா, அதி விசிஷ்ட சேவா. அடுத்து வீர சக்ரா, சௌரிய சக்ரா. அதன் பின் யுத்த சேவா, சேனா பதக்கம், விசிஷ்ட சேவா. (ராணுவத்துக்கு வெளியே உள்ள சில விருதுகளை இதில் விட்டிருக்கிறேன்.)

இதற்கு நல்ல சாட்சி லெப்டினன்ட் ஜெனரல் சோராவர் சந்த் பக்ஷி. பெயருக்குப் பின்னால் பிவிஎஸ்எம் (பரம விசிஷ்ட சேவா), எம்விசி (மகா வீர சக்ரா), விஆர்சி (வீர சக்ரா), விஎஸ்எம் (விசிஷ்ட சேவா) என்று வரும். 1947-48 காஷ்மீர் போரில் வீர சக்ரா. 1965-ல் பிரிகேடியராக இருந்து ஹாஜி பீர் கணவாயைப் பிடித்ததற்கு மகா வீர சக்ரா. ஆனாலும் பரம விசிஷ்ட சேவா இரண்டுக்கும் முன்னால் நிற்கிறது. முன்னுரிமை என்பது அணியும் இடம். எது அரியது, எது உயிரைப் பணயம் வைத்தது என்ற அளவீடு இல்லை.

தொடங்கிய ஆண்டுகளைப் பார்த்தாலும் புரியும். பரம வீர, மகா வீர, வீர சக்ராக்கள் 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. போர்க்களத்துக்கு வெளியிலான வீரத்துக்கு அசோக சக்ரா 1952-ல் மூன்று வகுப்புகளாக வந்தது; 1967-ல்தான் இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் கீர்த்தி, சௌரிய என்று பெயர் மாறின. விசிஷ்ட சேவாவும் அப்படியே: 1960-ல் மூன்று வகுப்பு, 1967-ல் பரம, அதி, விசிஷ்ட. போர்க்காலச் சேவைக்கான யுத்த சேவா வரிசை 1980-ல் சேர்ந்தது. சர்வோத்தம் யுத்த சேவா மிக அரிதாகவே கொடுக்கப்படும். 2025 சுதந்திர தினத்தில் ஆபரேஷன் சிந்தூரை ஒட்டி ஏழு கொடுக்கப்பட்டன.

---

வடக்குமுகப்பு:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். மூத்த அதிகாரி ஒருவரிடம் வீரதீர விருது இருந்தால், பெரும்பாலும் அவர் இளம் அதிகாரியாக இருந்தபோது பெற்றது. எதிரியின் கண்ணுக்கு எதிரே நிற்பது பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன் வரைதான். இதுவரை பரம வீர சக்ரா பெற்ற 21 பேரில் பதவியில் உயர்ந்தவர் 1965-ல் பூனா ஹார்ஸ் படைப்பிரிவை வழிநடத்தி வீழ்ந்த லெப்டினன்ட் கர்னல் தாராபோர். 1987-ல் இலங்கையில் உயிர்நீத்த பரமேஸ்வரன் மேஜர். 2014-ல் ஷோபியானில் வீழ்ந்து அசோக சக்ரா பெற்ற முகுந்த் வரதராஜனும் மேஜர்தான். பிரிகேடியராக மகா வீர சக்ரா என்பது பக்ஷி போன்ற சிலருக்கே.

விசிஷ்ட சேவா வரிசையின் விதிகளில் எல்லாப் பதவியினரும் தகுதி உடையவர்களே. நடைமுறையில் பரம லெப்டினன்ட் ஜெனரல்களுக்கும், அதி அதற்கு அடுத்த நிலைக்கும் போகிறது. ஆக, ஒரு ஜெனரலின் பதக்க வரிசையை இடமிருந்து வலமாகப் படித்தால் காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். உங்கள் அதிகாரிக்கு முதலில் நிற்கும் அதி விசிஷ்ட சேவா அவர் கடைசியாகப் பெற்றவற்றில் ஒன்று. நடுவில் நிற்கும் பஷ்சிமி ஸ்டார் அவர் இருபதுகளின் தொடக்கத்தில் பெற்றது. விளக்க அட்டையில் ஆண்டைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது.

சுதந்திரத்துக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்தவர் யாராவது உங்கள் கைக்கு வந்தால் இன்னொரு சிக்கல்: பிரிட்டிஷ் காலப் பதக்கங்கள் இந்தியப் பதக்கங்களுக்குப் பிறகு வரும். 1942-ல் பர்மாவில் பெற்ற மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது, பீல்டு மார்ஷல் மானெக்ஷாவின் வரிசையில் பின்னால்தான் நிற்கிறது.

---

கண்ணாடிச்சட்டம்:

வரிசை தீர்ந்தது. இனி வேலைக்கு வருவோம், பதக்கங்கள் பாழாவது இங்கேதான்.

முதல் வேலை: யாரும் பாலிஷ் போட வேண்டாம். அதி விசிஷ்ட சேவாவும் சேனா பதக்கமும் வெள்ளி, விசிஷ்ட சேவா வெண்கலம். வெள்ளி கறுப்பது காற்றில் உள்ள கந்தகத்தால். தேய்க்கிற ஒவ்வொரு முறையும் மேல் பரப்பில் கொஞ்சம் போகிறது. விளிம்பில் உள்ள பெயர் முதலில் மங்கும். பரம விசிஷ்ட சேவா போன்ற தங்க முலாம் பூசியவற்றில் ஒரே தேய்ப்பில் முலாம் உரிந்துவிடும். வெண்கலத்தின் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, அதை விட்டுவிடுங்கள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி, உடனே உலர்த்துங்கள். தண்ணீர் ரிப்பனில் படக் கூடாது, சாயம் பதக்கத்தின் மேலேயே இறங்கும். வெறும் விரலால் தொட வேண்டாம். வியர்வை பட்ட ரேகை சில மாதத்தில் கறையாகி நிற்கும்.

அளவு. ரிப்பன் 32 மி.மீ., வட்டப் பதக்கங்கள் 35 மி.மீ. ரிப்பன்களை ஒட்டி ஒட்டி வைத்தால் பதக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஸ்டாரின் முனை பக்கத்துப் பதக்கத்தைக் கீறும். சீருடையில் மூத்தது மேலே தெரிய, ஒன்றன் மேல் ஒன்று சாய்த்துக் கட்டுவது வழக்கம். 16 பதக்கத்தை ஒட்டி வைத்தாலே 512 மி.மீ. வரும், அது எந்த மார்பிலும் அடங்காது. சட்டத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. எட்டு எட்டாக இரண்டு வரிசை வையுங்கள். இடைவெளி 10 மி.மீ. விட்டால் ஒரு வரிசை 8 x 32 + 7 x 10 = 326 மி.மீ. பக்கத்துக்கு 50 விட்டால் அகலம் சுமார் 430. ரிப்பனும் பதக்கமும் சேர்ந்து 90 மி.மீ. உயரம் வரும், இரண்டு வரிசை, நடுவில் 40, கீழே பெயர்ப் பலகைக்கு 60, மேலும் கீழும் 50 என்று போட்டால் உயரம் 380. மேல் வரிசை அதி விசிஷ்ட சேவாவில் தொடங்கிச் சைன்ய சேவாவில் முடியும். கீழ் வரிசை உயர்மலையில் தொடங்கி ஐ.நா.வில் முடியும். பதக்கங்களின் அடி விளிம்புகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தொங்கும் கம்பிகளின் உயரம் வேறுபடும், ஆகவே மேலிருந்து அளக்காமல் கீழிருந்து அளந்து ரிப்பன் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

சட்டம் பெட்டி வகையாக இருக்கட்டும், உள் ஆழம் 20 முதல் 25 மி.மீ. கண்ணாடி பதக்கத்தைத் தொடவே கூடாது. தொட்ட இடத்தில் ஈரம் தங்கும். பின் அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். கம்பளி, ஃபெல்ட், ரப்பர் ஷீட், மலிவான வெல்வெட் வேண்டாம். கம்பளியும் ரப்பரும் கந்தகம் விடும், மூடிய பெட்டிக்குள் வெள்ளி வேகமாகக் கறுக்கும். பருத்தித் துணி நல்லது. சாயம் விடுகிறதா என்று ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள்.

பசை எதுவும் வேண்டாம். சூப்பர் குளூ, இரட்டை டேப், சூடான பசை எதுவானாலும் பின்பக்கத்தை நிரந்தரமாகக் கெடுக்கும். தொங்கும் கம்பியைச் சுற்றி, துணியோடு சேர்த்து இரண்டு இடத்தில் ஊசி நூலால் தைத்துக் கட்டுங்கள். நாளைக்கு ஒரு பதக்கத்தை எடுத்து விளிம்பைப் பார்க்க வேண்டும் என்றால் நூலை வெட்டினால் போதும்.

பழைய ரிப்பன் நைந்திருந்தால் புது ரிப்பன் போடலாம். பழையதைத் தூக்கி எறியாமல் உறையிலிட்டு, எந்தப் பதக்கத்துடையது என்று எழுதி வையுங்கள். வெட்டும்போது ஒன்றுக்கு 20 செ.மீ. எடுத்துக்கொண்டால் மடித்துத் தைக்கத் தாராளம். கன்டோன்மென்ட் பகுதி ராணுவத் தையல் கடைகளில் ரிப்பன் கிடைக்கும், ஆனால் நிறம் கொஞ்சம் மாறும். ஒன்றை மாற்றினால் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். முடிந்தவரை பழையதையே வையுங்கள். சாயம் வெளுக்காமல் இருக்க, சன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் நேர் வெயிலுக்கு அது பதில் இல்லை.

பெட்டியில் பாதி அளவுள்ள குட்டிப் பதக்கங்கள் இருந்தால் அவை மெஸ் உடைக்கானவை, அதாவது அதிகாரிகளின் விருந்துச் சீருடைக்கு. பெரியவற்றோடு கலக்க வேண்டாம், தனிச் சட்டம் போடுங்கள்.

---

ரிப்பன்அளவு:

ரிப்பன் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் வரிசையில் முதல் மூன்றும் இருபக்கமும் ஒரே மாதிரி, சிக்கல் இல்லை: அதி விசிஷ்ட சேவா பொன்னிறத்தில் இரண்டு கருநீலக் கோடு, விசிஷ்ட சேவாவில் மூன்று கோடு. (பரமவில் ஒரு கோடு. கோடு கூடக்கூட விருது இறங்குகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். அசோக, கீர்த்தி, சௌரிய சக்ராக்களின் பச்சை ரிப்பனிலும் ஆரஞ்சுக் கோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று இதே கணக்கு.) ஆனால் மகா வீர சக்ரா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு, ஆரஞ்சு இடது தோள் பக்கம் வர வேண்டும். பழைய படங்கள் சில கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாறி அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து மாட்டினால் திரும்பிவிடும். சட்டைப் பித்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தால் படம் மாறியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

---

மரப்பெட்டி:

அளவெல்லாம் குறித்துக்கொண்டேன். தாமரை இலை பெட்டி மூடியின் துணிக்கடியில் கிடைத்தது! விளிம்புகளையும் பார்த்தோம். மற்ற சேவைப் பதக்கங்களில் ஒரே எண். 20 ஆண்டுப் பதக்கத்தில் மட்டும் விளிம்பு வெறுமையாக இருக்கிறது. பெயர்ப் பலகையில் எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

---

அரசிதழ்வாசகர்:

பெயர்ப் பலகை: மேஜர் ஜெனரல் என்று பதவி, பிறகு பெயர், பிறகு ஏவிஎஸ்எம் (அதி விசிஷ்ட சேவா), எஸ்எம் (சேனா பதக்கம்), விஎஸ்எம் என்ற எழுத்துகள், கடைசியில் அடைப்புக்குறிக்குள் (ஓய்வு). "மேஜர் ஜெனரல் (ஓய்வு)" என்று பதவிக்குப் பக்கத்தில் போடக் கூடாது; ஓய்வு பெறுவது மனிதர், பதவி இல்லை என்பதே ராணுவ மரபு. சேனா பதக்கம் இரண்டு முறை என்பதற்கு எஸ்எம் எழுத்தை அடுத்து நட்சத்திரக் குறி போடுவார்கள். நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு அது புரியாது, "எஸ்எம் (இருமுறை)" என்று எழுதுவது நல்லது. காயப் பதக்கம் தொடங்கிக் கீழே உள்ள எதற்கும் பெயரெழுத்து கிடையாது. பத்ம விருதுகளையும் பெயரோடு சேர்த்து எழுதக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. ராணுவச் சிறப்புகளுக்கு அரசியலமைப்பின் 18-வது பிரிவே விலக்கு கொடுத்திருக்கிறது.

வெற்று விளிம்புள்ள பதக்கம், தொலைந்துபோனதற்குப் பதிலாகக் கடையில் வாங்கிய நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். அணிவதற்காக நகல் வைத்துக்கொள்வது சாதாரண விஷயம், அதில் அவருக்குக் குறைவு ஒன்றும் இல்லை. அட்டையில் "நகல்" என்று எழுதிவிடுங்கள். மாற்றுப் பதக்கம் கேட்பதானால் நூலகம் எழுதக் கூடாது, வாரிசு எழுத வேண்டும்: அதிகாரி என்பதால் டெல்லியில் தரைப்படைத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளைக்கு. ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்), ஜவான்கள் என்றால் அவரவர் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. ஓய்வூதிய ஆணை நகல், ஐசி எண், வாரிசுச் சான்று, தொலைந்தது பற்றிய காவல்துறைச் சான்று எல்லாம் இணைக்க வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவை எழுதிக்கொடுத்து, முன்னனுப்பவும் செய்வார்கள்.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு விஷயம். அஞ்சலி நிகழ்ச்சியில் மகனோ மகளோ அவருடைய பதக்கங்களை அணிய விரும்பினால் வலது மார்பில் அணியட்டும். இடது மார்பு அவற்றைப் பெற்றவருக்கு மட்டும். அப்படி அணிவதாக இருந்தால் சட்டத்தில் தைப்பதை விழாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.